கோயில் சரிவுக்கு ஒரு மெஷின்

நாலு மெஷின்களையும் கடைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக உருட்டி வந்து சிமெண்டுத் தரையில் வரிசையாக நிறுத்திவிட்டு, கடைக்காரர் நாச்சிமுத்து தோள் துண்டால் அவற்றின் முதுகைத் துடைத்தார், இனி உங்கள் பாடு என்கிறமாதிரி இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். சுகிர்தம் பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த நாலையும் பார்த்தாள், ஆண்டவரே இந்த நாலில் எது என்று ஜெபிக்கத் தொடங்கி பாதியில் நிறுத்தினாள். புல் வெட்டுகிற மெஷினுக்கெல்லாம் ஆண்டவரைத் தொந்தரவு பண்ணலாமா, பண்ணலாம், சட்டிமூடி காணாமல் போனால்கூட அவரிடம் கேட்டுத்தானே தேடுகிறாள், ஆனால் இன்றைக்கு அவள் மனசு கேட்க நினைத்தது எது நல்ல மெஷின் என்று இல்லை, நாலில் ஒன்றும் இவருக்குப் பிடிக்காமல் போகட்டும் என்று, அதை எந்த வாயால் கேட்பது. இவர், அவள் வீட்டுக்காரர் பாக்கியநாதன், டீ ஃபேக்டரியில் முப்பத்துநாலு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர், முதல் மெஷினுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து தலையைச் சாய்த்து அடியிலிருக்கும் பிளேடைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை தரையில் ஊன்றியிருந்தது. வலது கை ஸ்வெட்டர் பைக்குள். "இதென்ன நாச்சிமுத்து, பிளேடு மிட்டாய் டப்பா மூடி மாதிரி இருக்கு?" என்றார். "சார், இப்பிடிச் சொல்லிப்போட்டீங்களே, ஊட்டியில ஒரு ரிசார்ட்டுக்கு இதே மாடல்ல பன்னெண்டு குடுத்திருக்கேனுங்க." "ரிசார்ட்டு புல்லு பன்னு மாதிரி மெத்துன்னு இருக்கும். எங்க கோயில் புல்லு தாடிய்யா. ஒரு வாரம் விட்டா கம்பி." நாச்சிமுத்து சிரித்தார், இவரும் சிரித்தார், அவளும் உதட்டை இழுத்தாள். தாடிதான். கோத்தகிரியில் அவர்கள் சபையின் கோயில் மேட்டில் இருக்கிறது, வாசற்படியிலிருந்து கீழே கல்சுவர் வரைக்கும் ஒரே சரிவு, சரிவு முழுக்கப் புல். அறுப்பின் பண்டிகையன்று ஆராதனை முடிந்து சபை மொத்தமும் அந்தச் சரிவிலேயே வரிசையாக உட்கார்ந்து அசனச் சோறு சாப்பிடும், தட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கத் தெரியாத புது ஆட்களுக்கு ரசம் மடியில்தான். இருபத்திரண்டு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் அந்தப் புல்லை வெட்டுவது பாக்கியநாதன், கூலி இல்லை, அவராக எடுத்துக்கொண்ட ஊழியம். பண்டிகைக்கு எல்லாரும் பூசணியும் சேவலும் கேக்கும் காணிக்கையாகக் கொண்டுவருகையில் இவர் மட்டும் அந்த மேட்டுப் புல்லை ஒரு கட்டுக் கட்டி பலிபீடத்துக்குக் கீழே சாத்தி வைப்பார், மாடு வைத்திருக்கிறவர்கள் ஏலத்தில் அதற்குப் போட்டி போடுவார்கள், பாக்கியநாதன் கட்டு என்றே அதற்குப் பேர். பண்டிகைக்கு இன்னும் மூன்று வாரம். பழைய மெஷின் போன மாசம் உடைந்தது. சபைக்கு எது வாங்கினாலும் இரண்டு பேர் போய்ப் பார்த்து இரண்டு பேரும் சரி என்று சொல்ல வேண்டும் என்பது கமிட்டியின் சட்டம், அதனால் அவரோடு பெண்கள் ஐக்கியத்தின் சார்பில் அவள். வீட்டிலேயே இருவரும் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று கமிட்டியில் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டார்கள்.

"ஏளா சுகிர்தம், எந்திரிச்சு வந்து பாரு. ரெண்டு பேர் பாக்கணும்னுதான அனுப்பிருக்கு, நீ அங்க உக்காந்து கூடை முடையுதியா?" என்றார் அவர். அவள் எழுந்து போனாள். முதலாவது கரண்டில் ஓடுவது, நீளமாக வயர் போகும். கோத்தகிரிப் பனியில் ஈரப் புல்லில் கரண்ட் வயரா, அதை அவரே தள்ளிவிட்டார். இரண்டாவது என்ஜினே இல்லாமல் ஆள் தள்ளினால் உருளைப் பிளேடு சுற்றுகிற பழைய மாதிரி, அதைப் பார்த்து, "இது சவரம் பண்ண ஆகும், தாடிக்கு ஆகாது" என்றார். நாலாவது தோளில் தொங்கவிட்டுக் கம்பை வீசி வெட்டுகிறது, அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, ஏன் தொடவில்லை என்று அவளுக்குத் தெரியும், அதற்கு இரண்டு கையும் சொன்னபடி கேட்க வேண்டும். மூன்றாவதுதான். பெட்ரோல், பின் சக்கரம் பெரிசு, தானே ஓடும், பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். "சரிவுல நிறுத்துனா ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கிரும், என்ஜின் காய்ஞ்சிரும், அதுக்கு என்ன வச்சிருக்கான்?" என்று அவர் கேட்க, நாச்சிமுத்துக்குச் சந்தோஷம், விஷயம் தெரிந்த ஆளிடம் பேசுகிற சந்தோஷம், இத்தனை சரிவு வரைக்கும் தாங்குமென்று உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க கேட்டுக்கோணும், இதுதான் முக்கியம்" என்று கைப்பிடிக்கு மேலே வளைந்திருந்த மெல்லிய கம்பியைத் தொட்டார். "இதைக் கைப்பிடியோட சேர்த்து அழுத்திப் புடிச்சாத்தான் வண்டி ஓடும். சார் கால் வழுக்குச்சு, இல்ல மயக்கம் வந்துச்சு, எதோ ஒண்ணு, கை தானா விட்டுப்போடும் பாருங்க, விட்டாப் போதும், என்ஜின் நின்னு, பிளேடு நின்னு, அப்பிடியே கல்லு மாதிரி நின்னுபோடும். பயமே வேண்டாமுங்க." விட்டால் நின்றுவிடும். கை தானாக விட்டுவிடும். சுகிர்தம் தலையை ஆட்டினாள். உலகத்தில் எல்லாக் கையும் அப்படித்தான் போலிருக்கிறது, பயம் வந்தால் விட்டுவிடும், அதை நம்பித்தான் யாரோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து யோசித்து இந்தக் கம்பியைச் செய்திருக்கிறான், நல்ல மனுஷன், பிள்ளைகுட்டிக்காரனாக இருப்பான், ஆனால் பிடித்தால் விடாத கை ஒன்று இருக்கிறது என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள். இன்றைக்குக் காலையில் காபி டம்ளர். குடித்து முடித்து டம்ளரை மேஜையில் வைத்தார், டம்ளர் மேஜையில் இருக்கிறது, கை டம்ளரில் இருக்கிறது, பேப்பரைப் பார்க்கிறமாதிரி அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார், கை வரவில்லை. அவள் மேஜையைத் துடைக்கிற சாக்கில் வந்து சுண்டுவிரலை முதலில், பிறகு மோதிர விரலை, அவரைப் பார்க்காமல், பேசாமல் எடுத்துவிட்டாள். இப்போதெல்லாம் அது அவர்கள் வீட்டில் ஒரு வேலை, பாத்திரம் கழுவுவதுபோல.

பழைய மெஷினில் இந்தக் கம்பியும் கிடையாது. போன மாசம் இரண்டாவது சனிக்கிழமை அவள் கோயிலுக்குள் பலிபீடத்துப் பூச்சாடிகளை மாற்றிவிட்டு வாடின தண்ணீரைக் கொட்ட வாசலுக்கு வந்தாள், அவர் சரிவில் குறுக்காக வெட்டிக்கொண்டு போனார், சரிவில் எப்போதும் குறுக்கேதான் வெட்ட வேண்டும், மேலும் கீழும் இழுக்கக் கூடாது, இழுத்தால் ஒன்று அது நம்மேல் வரும், இல்லை நாம் அதன்மேல் போவோம், இதை அவர் நூறு தடவை சொல்லியிருக்கிறார். புல் ஈரம். கால் வழுக்கியது. மெஷின் மூக்கைக் கீழே திருப்பியது. விடுங்க என்று அவள் கத்தினாளா, கத்த நினைத்தாளா, இப்போது நிச்சயமில்லை, அவர் விடவில்லை, ஊரில் வண்டிக்காளை மிரண்டு ஓடும்போது கயிற்றில் கை சிக்கிக்கொண்ட ஆளை அவள் சின்னப் பிள்ளையில் பார்த்திருக்கிறாள், அப்படி, அது இழுக்க இவர் இழுபட, ஒரு செருப்பு மேலே நின்றுவிட்டது, கல்சுவரில் மோதி பிளேடு கல்லில் உரசித் தீப்பொறி பறந்து, அவர் உட்கார்ந்த வாக்கில் இன்னும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே, என்ஜின்ல அந்தக் கறுப்பு வயரைப் பிடுங்குளா என்று கத்தினார். அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு பிடுங்கினாள். சத்தம் நின்றது. அப்போதுதான் கைதட்டுகிற ஓசை கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், பாட்டுப் பழக வந்த இரண்டு பெண்பிள்ளைகள் கீழ்ப் படியில் நின்று, தாத்தா சறுக்கி விளையாடுறாங்க என்று தட்டிக்கொண்டிருந்தார்கள். சுவர் மட்டும் இல்லையென்றால். சுவர் மூன்றடிதான். சனிக்கிழமை பாட்டுக்கு வருகிற பிள்ளைகள் சுவர்மேல் ஏறித்தான் குறுக்குவழியாக வருவார்கள், எத்தனை திட்டினாலும் வருவார்கள், ஒரு நிமிஷம் முன்பின் ஆகியிருந்தால், இந்த இடத்துக்கு வந்ததும் அவள் மனசு ஒவ்வொரு முறையும் திரும்பி மேலே, பூச்சாடிக்கு, வாடின தண்ணீருக்கு ஓடிப்போய் முதலிலிருந்து தொடங்கும். கமிட்டியில் அவர், பழைய வண்டி, போல்ட் கழண்டுட்டு என்றார். அடுத்து வந்த ஞாயிறு ஆராதனையில் ஆயர் ஹென்றி மனுவேல், நம் பாக்கியநாதன் ஐயாவை ஆபத்திலிருந்து காத்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்றார், சபை ஆமென் என்றது, அவளும் ஆமென் என்றாள். காத்ததற்கு ஆமென் சரிதான். போல்டுக்கும் சேர்த்து ஆமென் சொன்னமாதிரி ஆகிவிட்டதே, அதுதான் அன்றிலிருந்து விடாமல் உறுத்துகிறது.

"சுகிர்தம், கலர் பிடிச்சிருக்கா? உங்க ஐக்கியத்து அம்மாமாருக்கு அதுதான முக்கியம்" என்றார். சிவப்பு. "நல்லாத்தான் இருக்கு" என்றாள். எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கிறது, இவர் பேசுவது நல்லாத்தான் இருக்கிறது, கடைக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை, சபைக்குத் தெரியவில்லை, மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிற மகள் பெனிட்டாவுக்கே தெரியவில்லை, வீடியோவில் பேசும்போது வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார், என்னப்பா இப்பல்லாம் சாஞ்சே உக்காருதீங்க என்று அவள் கேட்டாள், நர்ஸ் அல்லவா, முதுகுவலி என்றார். மகன் ஜோயல் கேட்கவே மாட்டான், அவனுக்குச் சென்னையில் ஆயிரம் வேலை. நாலு மாசத்துக்கு முன்னால் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயது டாக்டரம்மா கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் தட்டச் சொன்னாள், நடக்கச் சொன்னாள், உங்கள் பேரையும் விலாசத்தையும் எழுதுங்கள் என்று காகிதம் கொடுத்தாள், பாக்கியநாதன் என்கிற பேர் பெரிசாகத்தான் தொடங்கியது, தெருப் பேர் வருகையில் சிறுத்து, கோத்தகிரி வருகையில் எறும்பு ஊர்ந்தமாதிரி ஆகிவிட்டது, ஃபேக்டரியில் போர்டு எழுதுவதற்கு இவரைத்தான் கூப்பிடுவார்கள். நோயின் பேரை டாக்டரம்மா சொன்னாள், சுகிர்தத்துக்குப் பிடிபடவில்லை, இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, வேறு காகிதம் இல்லாமல் பாட்டுப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள், எட்டாங்கிளாஸ் படிப்புக்கு அதுவே பெரிசு, ஓர் எழுத்து தப்பு என்று பிறகு இவர் பார்த்துச் சொன்னார், திருத்தித்தான் கொடுக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில், மேலே ஏறஏறக் காது அடைக்கிற அந்த வளைவுகளில், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார், இது நமக்குள்ள இருக்கட்டும், பிள்ளைகளுக்கும் வேண்டாம், ஆயருக்கும் வேண்டாம், தெரிஞ்சா முதல்ல மேட்டப் பிடுங்கிருவாங்க, அந்த மேடு போச்சுன்னா நான் சும்மா உக்காந்து ஆடுத ஆளு, சொல்லமாட்டியே, சரியா என்றார். சரி என்றாள். சத்தியம் பண்ணுகிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாது, வாயால் சரி என்று சொன்னால் அது போதும், சத்தியமாக இருந்தால்கூட மீறினதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது, இந்த வெறும் சரிதான் ஆளை விடமாட்டேன் என்கிறது.

ஆனால் ஜெபிக்காமல் இருக்க முடியுமா. தனியாக ஜெபித்துப் பார்த்தாள், பற்றவில்லை, வியாழக்கிழமை பெண்கள் ஐக்கியத்தில் ஜெபக்குறிப்பு கேட்டபோது, பேர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரரின் கைக்காக என்று சொல்லிவிட்டாள். பேர் சொல்லவில்லை, அதனால் சரியை மீறவில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டாள். பதினெட்டுப் பெண்களும் கண்ணை மூடி அந்தச் சகோதரரின் கையை ஆண்டவரின் கையில் ஒப்புக்கொடுத்தார்கள், அழுதார்கள்கூட. அப்புறம்தான் வந்தது வினை, சகோதரர் என்றால் சபையில் யாரும் சகோதரர்தான், இவர்களோ சுகிர்தத்தின் கூடப்பிறந்தவன் என்று எடுத்துக்கொண்டார்கள், செயலாளர் அக்கா எங்கேயோ நம்பர் வாங்கி சாயர்புரத்திலிருக்கிற அவள் தம்பி செல்வினுக்கே போன் போட்டு, கவலைப்படாதீங்க தம்பி, உங்க கைக்காக நாங்க பதினெட்டுப் பேர் நிக்கிறோம் என்றிருக்கிறாள், அவன் பயந்துபோய் இரண்டு கையையும் திருப்பித்திருப்பிப் பார்த்துவிட்டு இவளுக்குப் போன் போட்டான், அக்கா எனக்கு என்ன ஆச்சு, டாக்டர் உன்கிட்ட ஏதும் சொன்னாரா என்று. சிரிப்பாகத்தான் வந்தது. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் வைத்து அதே அக்கா இவரிடமே கேட்டாள், "ஐயா, உங்க மச்சானுக்குக் கை எப்படி இருக்கு?" அவர் ஒரு கணம் அக்காவைப் பார்த்தார், பிறகு சுகிர்தத்தைப் பார்த்தார். "தேவலை" என்றார். வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவளும் சொல்லியிருப்பாள், உங்களால் சுமக்க முடிகிறது, என்னால் முடியவில்லை என்று.

"சார், சும்மா நின்னு பாத்தா ஆகாதுங்க. பின்னாடி வாங்க, ஓட்டிப் பாருங்க." கடைக்குப் பின்னால் சரிவாக ஒரு துண்டு நிலம், வாங்க வருகிறவர்கள் ஓட்டிப் பார்ப்பதற்காகவே புல்லை விட்டிருந்தார்கள், அதற்குக் கீழே யாருடையதோ தேயிலை, பனி ஏறி வந்துகொண்டிருந்தது. ஆண்டவரே, ஸ்டார்ட் ஆகக் கூடாது. இப்படி ஒரு ஜெபமா என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள், மறுபடியும் அதையே ஜெபித்தாள், ஸ்டார்ட் ஆகக் கூடாது, இன்றைக்கு ஒரு நாள், இந்த ஒன்று மட்டும். நாச்சிமுத்து கம்பியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு கயிற்றை ஒரே இழு. பிடித்துக்கொண்டது. ஆண்டவர் மெஷின் விஷயத்தில் கடைக்காரர் பக்கம் போலிருக்கிறது. பாக்கியநாதன் வலது கையைப் பையிலிருந்து எடுத்தார், கம்பியையும் கைப்பிடியையும் சேர்த்துப் பிடித்தார், பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டது, அந்தக் கைக்கு அது ஒரு வித்தை, சும்மா இருந்தால் ஆடும், பிடித்தால் நிற்கும், அதனால்தான் பார்க்கிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள், அவரே ஏமாறுகிறார். குறுக்காக நடந்தார். மேல்பக்கத்துக் காலை மடக்கி, கீழ்ப்பக்கத்துக் காலைப் பரப்பி, இருபத்திரண்டு வருஷத்து நடை, பின்னால் புல் ஒரே சீராகப் படுத்தது, பச்சை வாசனை எழுந்து மூக்கில் ஏறியது, ஒரு நிமிஷம் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது, கல்யாணமான புதிதில் ஃபேக்டரி வாசலில் எண்ணெய்ச் சட்டையோடு வருவாரே அந்த ஆள், அந்த முகம், இதை நான் பிடுங்கவா, யார் நான் பிடுங்க, பிடுங்கினால் வீட்டுக்குள் உட்கார்ந்து ஆடுகிற ஆளை நான்தானே தினமும் பார்க்க வேண்டும். திரும்பி வந்தார். "இப்ப விடுங்க சார், நின்னுபோடும் பாருங்க" என்றார் நாச்சிமுத்து. விடுகிறேன் என்று தலையை ஆட்டினார். ஒன்று. அவள் எண்ணத் தொடங்கியது அவளுக்கே தெரியாது. இரண்டு. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று. சக்கரம் மெல்ல அவரை முன்னால் இழுத்தது, ஓர் அடி, இன்னோர் அடி. நாலு. ஐந்து. அவர் இடது கையை வியர்வை துடைக்கிறமாதிரி வலது கையின்மேல் கொண்டுவந்து கட்டைவிரலை நெம்பினார். ஆறு. நின்றது. "சாருக்கு விட மனசில்லையாட்ட இருக்குது!" என்று நாச்சிமுத்து வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல வண்டி, விடவா தோணும்" என்று இவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்தார். அவள் உதடு இன்னும் ஆறு என்கிற வாக்கில் இருந்தது. சிரிப்பு அப்படியே இருக்க, கண்ணில் மட்டும் வேறு ஏதோ வந்து நின்றது, கெஞ்சுகிறாரா மிரட்டுகிறாரா, நாற்பது வருஷம் ஆகியும் அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"இதையே எடுத்துக்கிடலாம்" என்றார். ஆறு எண்ணுவதற்குள் எவ்வளவு தூரம். கோயில் மேட்டில் வாசற்படியிலிருந்து சுவர் எவ்வளவு, இது தானே ஓடுகிற வண்டி வேறு, பழையது தள்ளினால்தான் போகும், இது இழுத்துக்கொண்டு போகும், ஆறு எண்ணுவதற்குள் அந்தப் பெண்பிள்ளைகள் சுவரில் ஏறி இந்தப் பக்கம் காலைத் தொங்கப்போட்டு விடுவார்கள், வெள்ளை சாக்ஸ். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா, கலர் பிடிக்கவில்லை, சத்தம் ஜாஸ்தி, ஐக்கியத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று ஏதாவது, இன்றைக்குத் தள்ளிப்போட்டால் வரும் சனிக்கிழமை தப்பும், அதற்கடுத்த சனிக்கிழமை, பண்டிகை வந்துவிடும், புல் முழங்கால் உயரம் நிற்கும், அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு போவார், போகிற ஆள்தான். அந்த உருளைப் பிளேடையே வாங்கச் சொன்னால், என்ஜின் இல்லை, தள்ளுகிறவர் நின்றால் அதுவும் நிற்கும், ஆனால் வழுக்கினால், பிடித்த கை பிடித்தபடி, எந்த மெஷினைப் போட்டுப் பார்த்தாலும் கடைசியில் கை வந்து நின்றது. மெஷின் இல்லை இங்கே தேர்ந்தெடுக்க வேண்டியது. அது கமிட்டியில் இருவர் பேரையும் எழுதின அன்றே அவளுக்குத் தெரியும், வீட்டில் கிளம்பி வாசல் கதவைப் பூட்டும்போதே தெரியும், தெரிந்தேதான் நாலையும் பார்க்கிறாள்.

கைப்பைக்குள் போன் அடித்தது. ஆயர். கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னால் கேட்டுக்கொள்கிறேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். "அம்மா, ஸ்தோத்திரம். பாத்தாச்சா? ஐயாவுக்குத் திருப்திதானே?" "திருப்திதான் ஆயரே." "உங்களுக்கும் சரிதானே? ரெண்டு பேரும் சரின்னு நான் எழுதிக்கணும், அதுதான் நம்ம சட்டம்." வாய் திறந்தது. சரி என்கிற சொல் நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது, எத்தனை சுலபமான சொல், பஸ்ஸில் சொன்னாளே அதே சொல், இப்போது இதையும் சொன்னால் ஒன்றோடொன்று பொருந்திப்போகும், மெஷின் வண்டியேறும், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கைதட்டுவார்கள். அவர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா? லைன்ல இருக்கீங்களா?" "சரியில்ல ஆயரே" என்றாள். குரல் யாருடையதோபோல் இருந்தது. "எங்க தம்பிக்கு இல்ல ஆயரே, அந்த ஜெபக்குறிப்பு. செல்வினுக்குக் கையில ஒண்ணும் இல்ல. அது இவங்களுக்கு. பிடிச்சா விடமாட்டேங்குது. அன்னைக்குப் போல்ட் ஒண்ணும் கழளல, கைதான் விடல, நான் பாத்தேன், பாத்துட்டு உங்ககூட ஆமென் சொன்னேன். டாக்டரம்மா பேர் சொல்லிருக்கா." அந்தப் பேரையும் சொன்னாள், அவளுக்குத் தெரிந்த எழுத்தோடு. நாச்சிமுத்து சட்டென்று குனிந்து, இறுக்கமாகத்தான் இருந்த ஒரு நட்டை இறுக்கத் தொடங்கினார். ஐயாகிட்ட குடுக்கிறீங்களா என்றார் ஆயர். அவள் போனை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடி நின்று, திரும்ப வந்தது, ஆயர் சொன்னதை அவளே கேட்டுக்கொண்டாள்.

அவர் நடந்துபோய் நிலத்தின் ஓரத்தில் நின்றுகொண்டார், கீழே தேயிலை பாதி மறைந்துவிட்டது, பனி அவருடைய கால்வரைக்கும் வந்துவிட்டது. போகவா வேண்டாமா என்று அவள் நின்றாள். ஆண்டவரே மன்னியும் என்று தொடங்கினாள், எதை மன்னிக்க, சொன்னதையா, நாலு மாசம் சொல்லாமல் இருந்ததையா, ஸ்தோத்திரம் என்று மாற்றிப் பார்த்தாள், அதுவும் வாயில் ஒட்டவில்லை, ஒன்றும் சொல்லாமலே நடந்துபோய் அவர் பக்கத்தில் நின்றாள். பக்கத்தில் என்றால் இரண்டடி விட்டு.

"பேரையும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அதையாவது சரியாச் சொன்னியா?"

"தெரியல."

அவர் மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினார், சிரிப்பா வேறு ஏதாவதா தெரியவில்லை. "ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லிட்டுச் சொல்லிருக்கலாம்லா." சொல்லியிருக்கலாம்தான், சொல்லியிருந்தால் மறுபடியும் சரி என்று வாங்கிக்கொண்டிருப்பார். "என்ன சொன்னாரு?" என்றார் பிறகு. "இந்தச் சனிக்கிழமை அவரே வெட்டுதாராம். அவருக்கு வெட்டத் தெரியாதாம். நீங்க மேல படியில நின்னு திட்டணுமாம்." "அந்த மனுசனா? வழவழன்னு ஒரு ஷூ போட்டுட்டு வந்து நிப்பாரு. மேலயும் கீழயும் இழுப்பாரு." அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "சுவர் மேல பிள்ளைய ஏறுதத முதல்ல நிறுத்தச் சொல்லணும்" என்றார், அவளிடம் இல்லை, பனியிடம். அப்போது அவளுக்குத் தெரிந்தது, அந்தக் கைதட்டு இவர் காதிலும் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

திரும்பிக் கடைக்குள் நடந்தார், அவளுக்காக நிற்கவில்லை. "நாச்சிமுத்து, இந்தக் கைப்பிடிய எறக்க முடியுமா?" "ரெண்டு கட்டம் எறக்கலாமுங்க. சார் உயரத்துக்கு எதுக்குங்க?" "எனக்கு இல்ல. ஓட்டப் போறவரு குள்ளம்." நாச்சிமுத்து ஸ்பேனரைத் தேடி எடுத்து இரண்டு பக்கமும் தளர்த்தி இறக்கினார், இவர் ஆயரின் தோள் எவ்வளவு வரும் என்று தன் நெஞ்சில் கைவைத்துக் காட்டி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும் என்றார். கைப்பிடி அவர் இடுப்புக்குக் கீழே போய்விட்டது. அதைப் பிடித்துப் பார்க்க வேண்டுமானால் இனி அவர் குனிய வேண்டும். நாச்சிமுத்து வாரண்டி அட்டையை மேஜையில் வைத்துப் பேனாவைத் திறந்தார். "மெஷின் ஓட்டறவங்க பேர் எழுதோணுமுங்க. சர்வீஸுக்கு நாங்க அவங்களைத்தான் கூப்பிடுவோம்." சுகிர்தம் கண்ணை மூடிக்கொண்டாள், ஜெபிக்க இல்லை, பார்க்க முடியாமல். பேனா காத்திருந்தது. ரோட்டில் ஒரு லாரி வளைவில் திரும்பி, சத்தம் முழுக்க அடங்கியது. "ஹென்றி மனுவேல்" என்றார் பாக்கியநாதன். "முன்னால ரெவரெண்ட் போடுங்க. இனிஷியல் டி." எழுதுகிற சத்தம் கேட்டது. "நம்பருங்க சார்?" அவள் கண்ணைத் திறந்தபோது அவர் அவள் பக்கம் திரும்பியிருந்தார், முகத்தில் கோபம் இருந்தது, அது போய்விடவில்லை, பல நாள் இருக்கும்.

"நீதான பேசின" என்றார். "சொல்லு."

அவள் கைப்பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.